மூன்றாவது ‘வேண்டாம்’

நான் பிறத்தியார் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற ஆள் இல்லை. ஆனால் ஜெயரூபன் வீட்டு வேலி என் குசினி யன்னலுக்கு நேரே இருக்கிறது. காதைக் கழற்றி வைத்துவிட்டுச் சமைக்க முடியுமா?

ஜெயரூபன் எங்கள் இறுப்பிட்டிச் சனசமூக நிலையத்தின் தலைவர். பதினொரு வருடமாக. ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் எழுந்து, “எனக்குக் காணும், வேறை ஆரையும் போடுங்கோ” என்பார். அவருடைய அக்காவின் புருஷன் முருகேசு, “அப்பிடிச் சொல்லாதையும் தம்பி” என்று தொடங்கி வைப்பார். ஜெயரூபன் இரண்டாம் தரமும் வேண்டாம் என்பார். சபை முழுவதும் கெஞ்சும். மூன்றாம் தரமும் ஒரு ‘வேண்டாம்’ இழுத்துவிட்டு, நெல்லு மூட்டை தூக்குகிறவர் முகத்தோடு ஒப்புக்கொள்வார். முதல் தரமே தலையாட்டுகிறவனைப் பதவி ஆசை பிடித்தவன் என்று ஊர் சொல்லிவிடும். கலியாண வீட்டில் மறுசோறு வாங்குவதற்கும் எங்களிடம் இதே முறைதான்.

இந்த வருடம் அவருக்கு அந்தப் பதவி கட்டாயம் வேண்டும். கனடாவில் இருக்கிற ஊர்க்காரர் கட்டித்தந்த நல்ல தண்ணீர்த் தொட்டி தை மாதம் திறக்க இருந்தது. திறப்புவிழாக் கல்லில் தலைவர் பெயர் வரும். கூட்டத்துக்கு முன்னமே கல்லுக்கு ஓடர் கொடுத்துவிட்டார். “பேர் பெரிசா வரவேணும்” என்று போனில் கத்தினால் எனக்குக் கேட்காதா?

கெடுகாலம், கூட்டத்துக்கு முந்தின வாரம் யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சிக்குப் போனார். திரும்பி வந்தபோது கழுத்தில் பெயர் அட்டை தொங்கியது. குளிக்கும்போது மட்டும் கழற்றினார். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

“மண்ணெண்ணெய் முடிஞ்சுது” என்றாள் மனைவி கோபிகா.

“நிச்சயமில்லாத காலம், கோபி. முன்னோக்கி யோசிக்க வேணும்.”

“யோசிச்சுக்கொண்டே கடைக்குப் போட்டு வாங்கோ.”

கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினார். “பழைய பாசாங்குகளை விடவேணும். ஒருத்தர் வேண்டாமெண்டால் வேண்டாம்தான். வற்புறுத்திறது அவரை அவமதிக்கிறது. நல்ல தலைவன் பின்னுக்கு நிண்டு மற்றவையை முன்னுக்கு விடுவான்.”

சனம் கைதட்டியது. முருகேசு மட்டும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டார்.

பிறகு தலைவர் தெரிவு. ஜெயரூபன் வழமைபோல் எழுந்தார். “எனக்குக் காணும், வேறை ஆரையும் போடுங்கோ.”

முருகேசு வாயைத் திறந்தார். கடதாசியைப் பார்த்தார். மூடிவிட்டார்.

“உண்மையாத்தான் சொல்லுறன்” என்றார் ஜெயரூபன், இரண்டாம் தரம், அத்தானை முறைத்தபடி.

முருகேசு மரியாதையாகத் தலையசைத்தார்.

பின்வரிசையில் முன்பள்ளி ஆசிரியை பிரேமினி எழும்பினாள். “அப்ப நான் நிக்கிறன். தண்ணிப் பவுசர் லொறி வாற நாளிலை சனம் அடிபடாமல் கான், வாளியளை வரிசைப்படுத்திறது நான்தானே. எனக்கு விருப்பமும் இருக்கு.”

விருப்பம் இருக்கு என்று ஒருவர் சபையில் சொன்னதை அன்றுதான் முதலில் கேட்டோம். முகம் சுழிக்கவும் வழியில்லை, சற்று முன்தானே கைதட்டியிருந்தோம்; பிரேமினியே தலைவர் ஆனாள். மூன்றாவது ‘வேண்டாம்’ சொல்ல ஜெயரூபனை எவரும் விடவில்லை.

அன்று பின்னேரம் வேலிக்கு அப்பால்:

“அத்தான், ஏன் வாயைத் திறக்கேல்லை?”

“நீர்தானே தம்பி வற்புறுத்தக் கூடாதெண்டனீர். எழுதி வைச்சிருக்கிறன், பாரும்.”

“அது மற்றவைக்குச் சொன்னது!”

“அதை நீர் சொல்லேல்லை.”

மார்கழியில் கல் வந்தது. பெயர் உண்மையிலேயே பெரிதுதான். பிரேமினி கல்லைச் சுற்றிப் பார்த்தாள். “நல்ல கல், எறிய ஏலாது. மற்றப் பக்கத்திலை வெட்டுவிப்பம்.” அங்கே தன் பெயரைப் போடுவாள் என்று காத்திருந்தேன். ‘தண்ணீர் எடுக்கும் நேரம்: காலை ஆறு முதல் எட்டு வரை’ என்று மட்டும் போட்டாள். எனக்கு ஏமாற்றம்.

கல்லைப் பதிக்க மேசன் தேடியபோது, ஜெயரூபன் தானே சீமெந்து குழைத்துக்கொண்டு வந்தார். “அண்ணைக்கு என்ன மனசு!” என்று ஊர் உருகியது. மேசன் வந்தால் பின்பக்கத்துப் பெயரை வாசித்து ஊர் முழுக்கச் சொல்லுவான் என்ற பயம் அவருக்கு. அந்த வேலையை நான் எப்போதோ முடித்துவிட்டேன். தன் பெயரைச் சுவர்ப்பக்கமாக வைத்து அழுத்தி, விளிம்பெல்லாம் வழித்துப் பூசினார். சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தம்.

திறப்பு விழாவில் பிரேமினி கூப்பிட்டாள்: “அண்ணை, நீங்களும் ரெண்டு வார்த்தை கதைக்க...”

அவள் முடிக்கவில்லை.

“ஓம்” என்றார் ஜெயரூபன். முதல் தரமே.