மெர்சியே என்று வெட்டிய கல்

அப்பாவின் கல்லறைக் கல்லை உடைத்தது நான்தான். பூந்தமல்லியில் கல் வெட்டும் மஸ்தான் பாயின் பட்டறை வாசலில், அவர் ஒரு முனையும் நான் ஒரு முனையும் பிடித்து அதைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

"அருளப்பன் சரி. மெர்சியேன்னு கீதே, அது இன்னா பேரு அண்ணாத்தே?" என்றார் பாய்.

சும்மா இருந்திருக்கலாம். எங்கள் முப்பாட்டன் கப்பலில் வந்த பிரெஞ்சுக் கேப்டன் என்று காலேஜ் நாளிலிருந்து சொல்லிவரும் கதையை எடுத்துவிட்டேன். புதுச்சேரி கவர்னருக்கு அவர் சல்யூட் வைத்த இடம் வந்தது. வைத்துக் காட்டினேன்.

கல் இரண்டானது. 'அருளப்பன்' ஒரு துண்டு, 'மெர்சியே' ஒரு துண்டு.

பாய் திட்டவில்லை. "நல்லா வச்சாரு உங்க கேப்டன்," என்றார்.

மறுநாள் கல்லறைத் திருநாள். ஆவடியில் எல்லோரும் தங்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, சாமந்தி போட்டு, மெழுகுவத்தி ஏற்றி நிற்பார்கள். அப்பா மட்டும் பெயரில்லாத மண்மேடாகக் கிடப்பார். பாயிடம் மிச்சமிருந்தது ஒரு சின்னக் கல்தான்.

"அருளப்பன்னு மட்டும்னா எடுப்பா வெட்டிர்லாம். அந்த வெள்ளக்காரன் பேரும் வோணும்னா எழுத்து பொடிசாப் பூடும். கேட்டுகினு சொல்லு."

கேட்பதற்கு இருந்தது ரெஜினா அக்கா ஒருத்திதான். கடைசிவரை அப்பாவைப் பார்த்துக்கொண்டவள். ஆவடி வீட்டில் அவள் மெழுகுவத்திகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எப்டிடா உடைஞ்சுது?"

"கேப்டன்."

அவள் அடுத்த மெழுகுவத்தியை எடுத்துப் பையில் வைத்தாள்.

"அந்தப் பேர் வேணுமா, வேணாமாக்கா? அது எங்கேருந்துதான் வந்துச்சு? அப்பாவைக் கேட்டா எழுந்து போயிடுவாரு. உன்னைக் கேட்டா காபி குடிக்கிறியாங்கற."

"காபி குடிக்கிறியா?"

"அக்கா."

எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பெயர் போய்வந்த ஊர்கள்தான். தாத்தாவின் அப்பாவோடு சைகோனுக்குக் குமாஸ்தா வேலைக்குப் போனது, புதுச்சேரிக்குத் திரும்பியது, அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் ஆவடிக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வெள்ளைத் தோல் கிடையாது. கேப்டன் வெயிலில் கறுத்துவிட்டார் என்று என் கல்யாணத்தில் மைக்கில் சொன்னேன். மண்டபமே சிரித்தது. அப்பா பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். சர்க்கரைக்குப் பயந்துதான் போகிறார் என்று நினைத்தேன்.

போன் அடித்தது. "உளி எடுக்கவா அண்ணாத்தே?" என்றார் பாய்.

"ஒரு நிமிஷம் பாய்," என்றேன். அக்காவைப் பார்த்தேன். அவள் பையைக் கீழே வைத்தாள்.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பா இருந்தாரு. அவன் இதையும் மைக்ல சொல்லிடுவான்னாரு."

"சொல்ல மாட்டேன்க்கா."

"கேப்டனும் இல்ல, கப்பலும் இல்ல. செத்த மாட்டைத் தூக்கிப் போடறதுதான் நம்ம முப்பாட்டனுக்கு வேலை. சர்ச் பூசையிலகூட நம்மாளுங்களுக்குத் தனி இடம். அப்போ பிரெஞ்சுக்காரன் ஒரு சட்டம் போட்டான். பழைய வழக்கத்தை விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்தா அவன் சட்டத்துக்குள்ள வரலாம், புதுசா ஒரு குடும்பப் பேரும் வச்சுக்கலாம். இவரு போய் நின்னாரு. என்ன பேர்னு கேட்டாங்க. எதிர்ல மெர்சியேன்னு எழுதியிருந்த வெள்ளைக்காரன் துணிக்கடைப் பலகையைக் காட்டினாரு. அந்தக் கடை வாசப்படியை அவர் மிதிச்சதே இல்ல. மிதிக்க விட்டதில்ல."

போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"யாரும் குடுத்த பேர் இல்லடா. அவரா எடுத்துக்கிட்டது. அதைச் சொன்னா நாம எந்தத் தெருன்னு ஒருத்தனாலயும் கண்டுபிடிக்க முடியாது. அதுக்குத்தான் எடுத்தாரு. நீ அதைக் கொண்டுபோய் ஒரு வெள்ளைக்காரன்கிட்ட திருப்பிக் குடுத்துட்டு வந்த. எழுத்து பொடிசா இருந்தா இருக்கட்டும். வெட்டச் சொல்லு."