பெரியவன் கைராசி

அப்பாவின் முன்கையில் ஒட்டியிருந்த பட்டை ஒரு தீப்பெட்டி அகலம்கூட இராது. அதன் அடியிலிருந்த சின்ன விளக்கு, தோலைத் துளைக்காமலே உள்ளே எட்டிப் பார்த்து, ரத்தத்தில் லாக்டேட் எவ்வளவு என்று நிமிஷத்துக்கு நிமிஷம் திரையில் காட்டியது.

“உடம்புக்கு ஆக்சிஜன் சரியாப் போகலன்னா இது ஏறும். ரெண்டுக்குக் கீழ இருந்தா நல்லது. ஆனா புது மெஷின், இத மட்டும் நம்ப மாட்டோம். தினமும் விடியக்காலைல ரத்தம் எடுத்தும் பாப்போம்,” என்று டாக்டர் சொல்லியிருந்தார். நுரையீரலில் சளி கட்டித் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறக்காமல் கிடந்த அப்பாவின் உயிரே அந்த எண்ணில்தான் இருக்கிறது என்று குடும்பம் முடிவுகட்டிவிட்டது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதிலேயே பாசத்தையும் அளக்க ஆரம்பித்தது.

தொடங்கி வைத்தவள் அத்தை, அப்பாவின் தங்கை. “பாருங்கடா, பெரியவன் கையப் புடிச்சதும் ரெண்டரைல இருந்து ஒண்ணு புள்ளி எட்டுக்கு எறங்கிடுச்சு! கைராசின்னா இதான்.”

சின்னவனுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? பெரியவன் வெளியூர் உத்தியோகக்காரன், வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியோடு வந்து போகிறவன். பஞ்சர் கடை வைத்திருக்கும் சின்னவன்தான் ஒன்பது வருஷமாக அப்பாவைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, திட்டும் வாங்கிக்கொண்டு கூடவே இருக்கிறான். கிட்ட இருந்தால் முட்டப் பகை, எட்ட இருப்பவனுக்கு மவுசு. உலக வழக்கம்தான். அதை ஒரு மெஷினுமா வந்து சொல்ல வேண்டும்?

காலையில் பெரியவன் முறை. தான் கொண்டுவந்த க்ரீமை அப்பாவின் வறண்ட கையில் நீவி நீவித் தேய்ப்பான். எண் இறங்கும். மதியம் நர்ஸ் உடம்பைத் துடைத்து, பட்டையையும் அழுத்தி ஒட்டிவிட்டுப் போனதும் சின்னவன் முறை. அவன் உட்கார்ந்ததும் எண் ஏறும். கிரீஸ் வாடை போக மூன்று தடவை சோப்புப் போட்டுப் பார்த்தான். பழைய கதையெல்லாம் பேசிப் பார்த்தான். ரெண்டு நாலு, ரெண்டு ஆறு. “உன் கை கொஞ்சம் முரடுடா,” என்று அத்தை உச்சுக்கொட்டினாள்.

மூன்றாம் நாள் மதியம் பெரியவன் இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. துடைக்க வந்த நர்ஸையும் அப்புறம் வரச் சொல்லி அனுப்பியிருந்தான். “ஒண்ணு புள்ளி ரெண்டுடா! இன்னிக்கு நானே இருந்துடுறேன். நீ போய்க் கடையப் பாரு,” என்றான்.

சின்னவன் போகவில்லை. அண்ணன்மேல் என்ன குற்றம் கண்டுபிடிக்கலாம் என்று கட்டிலின் மறுபக்கம் போய் நின்றான். பாசத்தில் அல்ல, பொறாமையில்தான் அப்பாவை அப்படி உற்றுப் பார்த்தான்; உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்? விரல்கள் சில்லிட்டிருந்தன. நகங்கள் வெளுத்திருந்தன. மேல்மூச்சு வாங்கியது. எண் மட்டும் எப்படி இவ்வளவு நல்லபிள்ளையாக இருக்கும்?

குனிந்தான். பட்டையின் ஓரம் க்ரீமில் வழுக்கித் தோலைவிட்டு எழும்பியிருந்தது. டயரில் காற்றுப் பார்க்கிற கேஜ்கூட வால்வில் சரியாக உட்காராவிட்டால் குறைத்துத்தான் காட்டும். அவன் பார்க்காத கேஜா?

“சிஸ்டர்! இது சரியா உக்காரல!” என்று கத்தினான்.

நர்ஸ் க்ரீமைத் துடைத்துப் புதுப் பட்டை ஒட்டினாள். ஐந்து புள்ளி மூன்று. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதுவும் அதையே சொன்னது.

அண்ணன் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. அந்த முகத்தைப் பார்க்கச் சின்னவன் எத்தனை வருஷம் ஆசைப்பட்டிருப்பான்! இப்போதோ, கடவுளே, அண்ணனுடைய கைராசியே நிஜமாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தான்.

கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. டாக்டர் மருந்தை மாற்றி, எல்லோரையும் வெளியே அனுப்பினார்.

“நான்தான்டா கெடுத்தேன்,” என்று பெஞ்சில் உட்கார்ந்து பெரியவன் அழுதான்.

“ஆமா,” என்றான் சின்னவன். பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அழாதண்ணே,” என்றான்.

மறுநாள் சாயங்காலம் எண் ரெண்டுக்கு இறங்கியது, வீட்டார் யாருமே தொடாமல். “முழிச்சுட்டாரு. ஒருத்தர் மட்டும் வாங்க,” என்றாள் நர்ஸ். பெரியவன் பழக்கதோஷத்தில் எழுந்தான்.

“நீ உக்காருண்ணே,” என்று சொல்லிவிட்டுச் சின்னவன் உள்ளே போய்விட்டான்.

பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தான். அப்பா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். பிறகு அவன் தோளுக்குப் பின்னால் கதவைப் பார்த்தார்.

“பெரியவன் எங்கடா?”

“வெளியதான்ப்பா இருக்கான். கூப்பிடுறேன்,” என்றான் சின்னவன். ஆனால் உடனே எழுந்திருக்கவில்லை. அந்தக் கையை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தான்.