தழும்பில் சேர்த்த படம்

ஷிப்ட் முடிந்து வந்தால் என் அண்ணன் வெஸ்லின் சோறு கேட்பதற்கு முன் லென்ஸைத் துடைப்பான். பெங்களூரில் வாங்கிய பழைய ஃபிலிம் கேமரா, அதற்கொரு நீள லென்ஸ். இந்தப் பைத்தியத்துக்கு எவன் பெண் கொடுப்பான் என்று கேலி செய்வேன். ஆனால் ஓசூரில் எங்கள் வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத்தான்.

என் இடது கன்னத்தில், காதோரமாக, சுட்ட தழும்பு. தவழும் வயதில், அம்மா வடித்த கஞ்சி என்மேல் கொட்டியது. செல்போனில் தழும்பை மெழுகி மறைத்த படத்தைப் பார்த்து வந்த இரண்டு வீட்டாரும், நேரில் பார்த்ததும் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். அந்த டம்ளர்களைக் கழுவியதும் நான்தான். இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு வீட்டார் படம் கேட்டிருந்தார்கள்.

"லென்ஸ ஃபுல்லா தொறந்து வெச்சா கண்ணு மட்டும் பளிச்சுனு நிக்கும்மா. காதுகிட்ட எல்லாம் கரைஞ்சிரும்" என்று அண்ணன் அம்மாவிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

மொட்டைமாடியில் உட்கார வைத்தான். அந்தக் கேமராவுக்குள் பார்த்தால் நடுவில் ஒரு சின்னக் கட்டம். அதில் எல்லாமே இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருகி இரண்டையும் எங்கே ஒன்று சேர்க்கிறோமோ, அந்த இடம் மட்டும் தெளிவாக விழும்.

"கண்ணுல சேக்காதண்ணா. தழும்புல சேரு."

"கண்ணு மங்கிரும் பாப்பா."

"கண்ண நேர்ல வந்து பாத்துக்கட்டும். இன்னொரு தடவ காபி குடுத்துட்டு அசிங்கப்பட என்னால முடியாது."

வளையத்தைத் திருகிய பிறகும் கேமராவை முகத்திலிருந்து இறக்கவில்லை. அழுதான் என்றுதான் நினைக்கிறேன். பிறகு படம் எடுத்தான்.

படம் கழுவி வந்தது. கண் மங்கல், தழும்பு சுருக்கம் சுருக்கமாகத் தெளிவு. அம்மா கத்துவாள் என்றிருந்தேன். அவள் அதைக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"இவ்ளோ பெருசாடி இது?"

இத்தனை வருஷம் எனக்குத் தலைவாரிவிட்டவள் அந்தப் பக்கத்தைப் பார்த்ததேயில்லை. பார்க்க அவளுக்குத் தைரியம் இருந்ததில்லை. தழும்பை மறைத்தே படம் அனுப்பினாளே என்று அவள்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அத்தோடு போயிற்று.

"இதையே அனுப்புடா" என்றாள் அண்ணனிடம்.

கிருஷ்ணகிரிக்காரர்கள் வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வரன் வந்தது.

"வேற படம் எடுக்கட்டுமாம்மா?" என்றான் அண்ணன்.

"எதுக்கு?" என்றாள் அம்மா. "எம் பொண்ணு இதுல நல்லாத்தானே இருக்கா."