ஒப்பீட்டுக்கு ஒரு குருத்தெலும்பு

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. பக்கத்து இலைக்காரர் எலும்பு மருத்துவர். "தேஞ்ச முட்டி எவ்வளவு வேணும்னாலும் கிடைக்கும் சார். ஆராய்ச்சிக்கு ஒப்பிட்டுப் பாக்க நல்ல குருத்தெலும்பு வேணும்னா, யாராவது விழுந்து இடுப்பை உடைச்சுக்கணும்" என்றார், அப்பளத்தை நொறுக்கியபடி. அதற்குப் பிறகு எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

2

புனே, 2004. கட்கியில் மழை கொட்டிக்கொண்— (வேண்டாம். கதைகளில் பெய்த மழை போதும்.)

அம்ருதா ஓர் ஆய்வுக்கூடத்தில் குருத்தெலும்பு செல்களை ஆராய்கிறாள். அவற்றில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள் உண்டு. செல்லுக்குள் இருக்கும்வரை சாது. வெளியே கசிந்தால் மூட்டையே வீங்கவைத்து அரித்துவிடும். அவள் அம்மா அபயாம்பாளுக்குத் தீராத முட்டிவலி.

"அங்க நீ என்னதான்டீ பண்றே?" என்று ஒருநாள் அம்மா கேட்டாள்.

புனேயிலேயே பிறந்த அம்ருதாவுக்குத் தமிழ் தடுக்கும்; நடுநடுவே இந்தி எட்டிப்பார்க்கும். "கால்சியம் இருக்கோல்லியோ, அது புரோட்டீன்ல ஒட்டிண்டு... மத்லப், அதான் முட்டியைக் கெடுக்கறதும்மா."*

* இது பாதி உண்மை. சாப்பிடுகிற கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிற மீதியைச் சொல்லுமுன் போன் வந்துவிட்டது.

3

அன்றிலிருந்து அபயாம்பாள் பால், தயிர், டாக்டர் கொடுத்த கால்சியம் மாத்திரை எல்லாவற்றையும் சத்தமில்லாமல் நிறுத்தினாள்.

(இவ்வளவு வெகுளியா என்று எனக்கே சந்தேகம் வந்து அவளை அடித்து அடித்து எழுதினேன். வெகுளி இல்லை. பெண்ணின் வேலை தனக்குப் புரிந்துவிட்டதே என்கிற பெருமை.)

அடுத்த வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீ சொன்னாப்பல பாலைக்கூட விட்டுட்டேனேடீ. முட்டிவலி மட்டும் குறையவே இல்லை."

எலும்பு பல வருஷமாகவே மெலிந்து வந்திருக்கிறது, பாலை விட்டதால் மட்டும் முறியாது என்றார் டாக்டர். அம்ருதா நம்பவில்லை. அவளை நம்பவைக்கும் வாக்கியம் எனக்கும் எழுத வரவில்லை.

4

உடைந்த இடுப்பின் பந்துமுனையை அகற்ற வேண்டும். அபயாம்பாள் டாக்டரிடம், "தூக்கித்தானே போடப்போறேள்? என் பொண்ணு ஆபீசுக்குக் குடுத்துடுங்கோ" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

பனிக்கட்டிப் பெட்டியில் அது ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. மேலே எண் மட்டும், பெயர் இல்லை; அன்று அறுவை யாருக்கு என்று அம்ருதாவுக்குத் தெரியும். முட்டி தேய்ந்தவளின் இடுப்புக் குருத்தெலும்பு ஒரு கீறல்கூட இல்லாமல் வெள்ளையாக இருந்தது. அம்ருதா மாதக்கணக்கில் காத்திருந்தது இதற்குத்தான். மூடியைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

முடிவு அ: திரும்பி வந்து வெட்டுகிறாள், செல்கள் வளர்கின்றன, கட்டுரை— (கிழித்துவிட்டேன். அம்மாவின் எலும்பில் அவள் கத்தி வைப்பதை என்னால் எழுத முடியவில்லை.)

முடிவு ஆ: அப்படியே கெடவிடுகிறாள். (இது அம்மா கொடுத்ததைக் குப்பையில் போடுவது.)

5

மயக்கம் தெளிந்த அபயாம்பாள் முதலில் கேட்டது: "என்னோடது உனக்குப் பிரயோஜனப்பட்டுதாடீ?"

ஆமாம் என்றால் அம்ருதா திரும்பிப் போய்க் கத்தியை எடுக்க வேண்டும். இல்லை என்றால் அந்த முகம்—

என்னால் ஆகவில்லை. அவள் வாயில் நீங்களே ஒரு சொல்லை வையுங்கள். கொஞ்சம் சீக்கிரம்; செல்கள் சாயங்காலம் வரைதான் தாங்கும்.