கதவுக்கடியில் வந்த காகிதங்கள்

“அம்மா, கீழ்வீட்டு மாமாவைப் பத்தி தினமும் இயேசப்பாகிட்ட சொல்றீங்களே, அந்த மாமாகிட்ட ஒரு நாளாச்சும் பேசியிருக்கீங்களா?”

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் இதைக் கேட்டுவிட்டு, தன் பாட்டுக்குப் பென்சில் சீவப் போய்விட்டாள். அம்மாவுக்குத்தான் கேள்வி முள்ளாகத் தைத்தது.

புத்தக பைண்டிங் கடையில் தாள் மடிப்பது அவளுக்கு வேலை. அவள் போகும் சபையில் ஆளுக்கு ஒருவரின் பெயரைச் சீட்டில் எழுதி, அவருக்காக ஜெபிக்கும் வழக்கம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் அவள் எழுதியது, ‘கீழ்வீட்டுப் பூட்டுக்காரர்’. ஒண்டிக்கட்டை. வீட்டிலேயே உட்கார்ந்து பூட்டு ரிப்பேர் பார்ப்பார், சாவி அடிப்பார். படியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு நழுவிவிடுவார். கல்நெஞ்சுக்காரர் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அதனால் சாயங்காலம்தோறும் அவருக்காக வாய்விட்டு ஜெபித்தாள். மாதம் தவறாமல், சபையில் கொடுக்கும் துண்டுப் பிரசுரம் ஒன்றை அவர் கதவுக்கடியில் தள்ளினாள். ஏனோதானோவென்று அல்ல. தொழில் பழகிய கை அல்லவா? மூன்றாய் மடித்து, கடையில் மடிப்புத் தேய்க்கும் எலும்புத் தகட்டால் ஓரத்தை அழுத்தித் தேய்த்து, கத்தி மாதிரி ஆக்கித்தான் தள்ளுவாள். யாராவது பார்ப்பதற்குள் படியேறி ஓடிவந்துவிடுவாள். தன் கடமை முடிந்தது என்று ஒரு நிறைவு.

மகள் கேட்ட கேள்வி நான்கு நாள் அவளைச் சும்மா விடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அலமாரிப் பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

பூட்டுக்காரர் சாவியைப் போட்டுத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

“நல்லாத்தானேம்மா இருக்கு?”

“தெரியும்ணே. சும்மா பேசலாம்னு வந்தேன். வெறுங்கையோட வரக் கூச்சமா இருந்துச்சு.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “வீட்டு ஓனர் அனுப்பினாரா?”

“வீட்டு ஓனரா? எதுக்கு?”

அவர் எழுந்து, சாமான் பெட்டிக்கு அடியிலிருந்து கம்பியால் கட்டிய ஒரு கத்தையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அத்தனையும் அவள் மடித்த மடிப்பு.

“மாசாமாசம் வருதும்மா. காலி பண்ணச் சொல்லித்தானே? எனக்கு எழுத்து தெரியாது. யார்கிட்டயாவது காட்டலாம்னா, ‘ஆமாய்யா, கிளம்பு’ன்னுட்டா எங்க போவேன்? இவ்வளவு கச்சிதமா மடிச்சு வந்தா கோர்ட்டுக் காகிதமாத்தானே இருக்கும்? வாடகை வாங்க வர்றப்ப ஓனர் உங்க வீட்லதான் உக்காந்து காபி குடிக்கிறாரு. அதான் உங்களப் பாத்தாலே தலையைக் குனிஞ்சுக்கிட்டு நழுவிடுவேன்.”

அவள் கத்தையிலிருந்து ஒன்றை உருவிப் பார்த்தாள்.

“அண்ணே, இது நான் போட்டது.”

“நீங்களா?”

“நல்ல செய்திண்ணே. உங்களுக்கு நல்லது நடக்கணும்னு போட்டேன்.”

பூட்டுக்காரர் அவளையும் கத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். “மூணு வருஷமா பாயைத் தவிர எல்லாத்தையும் மூட்டை கட்டித்தான் வெச்சிருக்கேன்” என்றார். பிறகு, கோபமில்லாமல், “அப்படி என்னதான் போட்டிருக்கு? படிங்க” என்றார்.

அவள் கையிலிருந்ததைப் பிரித்துப் படித்தாள். வழி தவறிப்போன ஒரு மனிதனை ஒருவர் தெருத் தெருவாகத் தேடுகிறார். கண்டதும் கணக்குக் கேட்காமல் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

“அப்ப இது துரத்துற காகிதம் இல்ல” என்றார் அவர், மெதுவாக. “தேடி வர்ற காகிதம்.”

மூன்று வருடமாக மாதாமாதம் மடித்துத் தள்ளிய வாசகம்தான். அவளுக்கு அன்றுதான் அது காதில் விழுந்தது.

“ஒண்ணு சொல்லணும்மா. எவ்வளவு பயமா இருந்தாலும், சாயங்காலமானா மேலேருந்து உங்க முணுமுணுப்பு கேக்கும். ஒரு வார்த்தையும் புரியாது. ஆனா அது கேட்டதும் மனசு அடங்கிடும். யார்கூட அப்படிப் பேசுவீங்க?”

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. “கடவுள்கிட்டண்ணே. உங்களப் பத்தி.”

அவள் மேல்தளத்தை அண்ணாந்து பார்த்தாள். தன் கை அந்த மனிதரை நடுங்க வைத்துக்கொண்டிருந்த அதே நாட்களில், தன் வாயிலிருந்து போன ஒலியை யாரோ ஒருவர் எடுத்து, தளத்தின் வழியே இறக்கி, இவருக்கு ஆறுதலாக்கியிருக்கிறார். நாம் கோணலாக நீட்டுவதையும் நேராக்கி வாங்கிக்கொள்ளும் கை ஒன்று இருக்கிறது. அந்தக் கையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதுபோல் அவளுக்குப் பயமும் மகிழ்ச்சியுமாக இருந்தது.

கத்தையின் நடுவில் பிரிக்காத உறை ஒன்று கிடந்தது.

“அது தபால்ல வந்துச்சு. கோர்ட்டுலேருந்துன்னு நெனச்சு பிரிக்கவே இல்லம்மா.”

அவள் பிரித்தாள். அவருடைய மகள் எழுதிய கடிதம். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. ‘அப்பா, யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பழசையெல்லாம் மறந்துவிடலாம். பதில் வராவிட்டால் உங்கள் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொள்வேன். மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன்.’

பூட்டுக்காரர் கடிதத்தை வாங்கி, எழுத்துகளின் மேல் விரலால் தடவினார். “ரெண்டு வருஷம்” என்றார். “புள்ள இந்நேரம் நடக்கும்.”

“என்னாலதாண்ணே.”

“பதில் எழுதுங்கம்மா. ‘அப்பாவுக்குக் கோபம் இல்ல. தப்பு முழுக்க என்னோடது. எழுதப் படிக்கத் தெரியாத மடையன், பிரிக்காம வெச்சுட்டேன்.’”

“நான் போட்ட காகிதத்தால வந்த பயம்னு எழுதறேன்.”

“வேண்டாம். என் பொண்ணு வாய் உங்களுக்குத் தெரியாது. மேல ஏறி வந்து உங்கள உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா. நான் சொன்னத மட்டும் எழுதுங்க.”

அவர் சொன்னதை மட்டுமே எழுதினாள். அடியில் அவர் மை தடவிக் கட்டை விரலை அழுத்தினார். தபாலில் போடுவதாகச் சொல்லி அவள் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் கடையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்து எழுதினாள். ‘உங்கள் அப்பா மேல் தப்பில்லை. நல்லது செய்கிறேன் என்று நினைத்து, ஒரு வார்த்தை பேசாமல், அவர் கதவுக்கடியில் காகிதம் தள்ளிக்கொண்டிருந்தவள் நான். அந்தப் பயத்தில்தான் உங்கள் கடிதத்தையும் அவர் பிரிக்கவில்லை. இதை உங்களுக்குச் சொல்ல அவர் என்னை விடவில்லை. முதலில் அவரைப் பார்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு என்னைத் திட்ட மேலே வாருங்கள், வீட்டில்தான் இருப்பேன்.’

அதை அவருடைய கடிதத்தோடு சேர்த்து உறையில் வைத்து, அவர் மகளின் முகவரியை எழுதி ஒட்டினாள். தெருமுனைத் தபால் பெட்டி வரை தனியாக நடந்துபோய்ப் போட்டுவிட்டு, கடைக்குத் திரும்பினாள்.