யார் மேல் வந்த வாசம்

அறுபத்துமூன்றாம் வருஷம் ஜூன் மாதம், திண்டுக்கல்லில் பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள். ஒன்றாம் வகுப்புக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த ரோஸ்மேரி டீச்சர், தலையை நிமிர்த்தாமலே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மேஜைக்கு எதிரே வந்து நின்ற பெண்ணிடமிருந்து அப்படி ஒரு நெடி. கருப்பட்டித் தண்ணீர் தெளித்து ஊறப்போட்ட புகையிலை நெடி.

"செத்த தள்ளி நின்னுக்கிறேன் டீச்சர். கிட்டங்கி வேலையில இருந்து நேரா வாரேன்" என்றாள் அந்தப் பெண். கையில் ஐந்து வயது மகளைப் பிடித்திருந்தாள்.

குரலைக் கேட்டு ரோஸ்மேரி நிமிர்ந்தாள். மூக்காயி. ஐந்தாம் வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

அந்த நெடி டீச்சருக்கு ஒன்றும் புதிதல்ல. அவள் அம்மா இஞ்ஞாசியம்மாள் வீட்டிலேயே கூலிக்குப் புகையிலை இலையின் நரம்பு கிழித்துத்தான் மகளைப் படிக்க வைத்தாள். ஒரே அறை. மூலையில் இலைக்கட்டு, அதன் மேல் மகளின் பாவாடை. அந்த வாசத்தோடு அம்மா மடியில் தூங்கிய பிள்ளைதான் இன்று மூக்கைப் பொத்துகிறது.

அதோடு விட்டதா? கூடவே அந்த நாளும் வந்து நின்றது. மழைக்கு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்த வகுப்பு. "யார் மேல இந்தப் புகையிலை நாத்தம்?" என்று வாத்தியாரம்மா கேட்க, பயத்தில் ரோஸ்மேரியின் விரல் மூக்காயி பக்கம் நீண்டது. மூக்காயி வீட்டில் புகையிலையே கிடையாது, தோட்டத்தில் கத்தரியும் வெண்டையும்தான். ஆனால் எண்ணெய் காணாத தலை, கிழிந்த பாவாடை. வாத்தியாரம்மாவுக்கு அது போதும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மூக்காயியைக் கடைசிச் சுவரோரம் தனியாக உட்கார வைத்தார்கள். ஒரு மாதம் பொறுத்தாள், அப்புறம் வரவில்லை. படிப்பை விட்டவள் கடைசியில் புகையிலைக் கிட்டங்கிக்கே கூலிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதைப் 'பொய் சொன்னேன் சாமி' என்று ரோஸ்மேரி ஒரே வரியில் முடித்துக்கொள்வாள். அவரும் மாதாவை நோக்கி மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். மலிவாகத்தான் முடிந்தது.

இப்போது முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? முந்தானையைக் கீழே விட்டாள். வாயைத் திறக்காமல் பெயரை எழுதி அனுப்பிவிடலாம். அப்புறம் தினமும் அந்தப் பிள்ளையின் முகத்தில் முழிக்க வேண்டும்.

"மூக்காயி, அன்னைக்கு அந்த வாசம்..." பேனாவைக் கீழே வைத்தாள். "அது ஒன் மேல வரல. எம்மேலதான்."

"தெரியும் டீச்சர். பக்கத்துல ஒக்காந்திருந்தவளுக்குத் தெரியாதா? சொன்னா யாரு நம்புவா."

கோபமாகச் சொல்லியிருந்தால் ரோஸ்மேரி தாங்கியிருப்பாள். மூக்காயி சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு மகள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் பேச்சு இவ முன்னால வேண்டாம் டீச்சர். டீச்சருமாருக எல்லாம் நல்லவுகன்னு சொல்லித்தான் கூட்டியாந்திருக்கேன்."