இரண்டாவது சாட்சி

அவருக்குத் தெரிந்திருக்குமா? தெரியாவிட்டால் வந்ததும் வராததுமாக, "அக்கா எப்படி இருக்காங்க டீச்சர்?" என்று ஏன் கேட்டார்? தெரிந்திருந்தால் இவ்வளவு அன்பாக ஏன் சிரிக்கிறார்?

மங்களம் காதில் விழாதவள்போல அச்சுப்படியின்மேல் குனிந்துகொண்டாள். ஒரே வரியை மறுபடியும் மறுபடியும் படித்தாள். எழுத்துகள் தெரிந்தன, பொருள் ஏறவில்லை.

ஈப்போவில் நாகூர் மீரானின் சாப்பாட்டுக்கடைக்கு மேல்மாடி அது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் 'பேராக் தமிழர் களஞ்சியம்' என்ற புத்தகம் அங்கேதான் உருவாகிக்கொண்டிருந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயாவு அதன் ஆசிரியர். மங்களம் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வருகிற குறிப்புகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. யார் இடம்பெறலாம், யார் பெறக்கூடாது என்ற சண்டை வாராவாரம் நடக்கும். இன்று அந்தச் சண்டைக்குரியவரே நேரில் வந்து எதிர்நாற்காலியில் அமர்ந்திருந்தார். சதாசிவம். ஒரு காலத்தில் சிம்பாங் பூலாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணி. இப்போது லோரிகளுக்கு முதலாளி, கோயில் தலைவர்.

தேநீர்க் குவளைகளோடு ஏறி வந்த நாகூர் மீரான் தட்டை மேசையில் வைத்தார்.

"என்னாலா ஐயாவண்ணே, இவருக்கு ஒரு முழுப் பக்கம். எங்க மாமாவுக்கு ஒத்த வரி கெடையாதா? இந்த ஊர்ல பாதிப் பேரு அவரு போட்ட ரொட்டியத் தின்னு வளந்தவன்தான்."

"தின்னா பத்தாது மீரான். எழுத்துல இருக்கணும். நாளைக்கு ஒருத்தன் ஏதுடா ஆதாரம்னு கேட்டா காட்டணும்ல?"

"எழுத்துலதான்லா இருக்கு. கீழ கடைப் பலகையில இம்மாம் பெரிசா இருக்கே, ஒங்க கண்ணாடிக்குத் தெரியலியா?"

சதாசிவம் வயிறு குலுங்கச் சிரித்தார். ஐயாவும் சிரித்தார். மங்களமும் உதட்டை விரித்தாள். மீரான் முனகிக்கொண்டே இறங்கிப் போனதும் அறை சட்டென்று சிறுத்துப்போனதாக அவளுக்குத் தோன்றியது.

ஐயாவு குறிப்பை எடுத்தார். "தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியைப் போர் முடிந்த மறுஆண்டு தொடங்கியவர்" என்று உரக்கப் படித்தார். ஓரத்தில் மங்களம் பென்சிலால் போட்டிருந்த கேள்விக்குறியைத் தட்டினார்.

"ரெண்டு ஆதாரம் இருக்கேம்மா. பத்திரிகைச் செய்தி, கும்பாபிஷேக மலர். இன்னும் என்னா?"

"ரெண்டும் ஒண்ணுதாண்ணே." தன் குரல் தனக்கே கேட்காத அளவுக்குத் தணிந்திருந்தது. "கோயில் திருவிழால ஐயா பேசுனதத்தான் பத்திரிகையில போட்டிருக்காங்க. அந்தச் செய்தியப் பாத்துத்தான் மலர்ல போட்டிருக்காங்க."

"அப்ப நான் சொன்னதே எனக்குச் சாட்சிங்கிறீங்க," என்றார் சதாசிவம். கோபமே இல்லை. "சரிதான் டீச்சர். சட்டம்னா சட்டம்."

சட்டத்தை எழுதியவள் அவள்தான். எழுத்தில் இல்லாத செய்திக்கு, கண்ணால் கண்ட இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். யாருக்கும் மாலை போடும் புத்தகமாக இது ஆகிவிடக்கூடாது என்று முதல் கூட்டத்திலேயே சொன்னாள். அது தன்னைச் சுற்றி வந்து நிற்கும் என்று அன்று நினைக்கவில்லை.

"மொதச் சாட்சி ஆச்சு," என்றார் ஐயாவு. "பிச்சைமுத்து போட்டுட்டான்." பிச்சைமுத்து சதாசிவத்தின் லோரி ஓட்டுநர். "நீயும் அந்தத் தோட்டத்துப் புள்ளதானே மங்களம்? அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவதானே? ஒரு கையெழுத்துப் போட்டா இன்னிக்கே அச்சுக்குப் போயிடும்."

படித்தவள்தான். ஆயாக் கொட்டகையில். பால்மரம் சீவப் போன தாய்மார்கள் விட்டுப்போன குழந்தைகள் உத்தரத்தில் கட்டிய தூளிகளில் தூங்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாவுக்குத் துணையாக வைத்திருந்த பெண் அவளுடைய அக்கா நல்லம்மாள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து, ஒவ்வொருத்தரின் கால் கட்டைவிரலிலும் ஒரு தூளிக் கயிற்றை மாட்டிவிடுவாள். கால் தூளியை ஆட்ட வேண்டும், வாய் எழுத்தைச் சொல்ல வேண்டும். தகரத்தில் கரியால் எழுதிய அ, ஆ, புளித்த பாலின் நாற்றம், தூளி போய் வருகிற தாளம். கிராணி சதாசிவம் பள்ளிக்கூடம் என்று பெயர்ப்பலகை அடித்தது அதற்குப் பிறகு. பலகையும் பொய்யில்லை. தோட்டத்து மேலாளரான தொரையிடம் பேசி அதற்கு அனுமதி வாங்கியது அவர்தான்.

அக்காவுக்கு உடம்பு கெட்டதும் பொய்யில்லை. அவள் தூங்காமல் நடந்தாள். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் கத்தினாள். கிராணி சதாசிவம் ஆபீசிலிருந்து தொலைபேசியில் பேசினார், தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரி வண்டி வந்தது. அதன்பின் தோட்டத்தில் அவளைப் பற்றி ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அந்தச் சொல் பின்னோக்கியும் நடந்து, கொட்டகைக்குள் புகுந்து, தகரத்தில் இருந்த எழுத்துகளையும் அழித்துவிட்டுப் போயிற்று.

நல்லம்மாள் குணமாகி ஊருக்கு, தமிழ்நாட்டுக்கு, போய்விட்டாள் என்று வீட்டில் சொல்ல ஆரம்பித்தார்கள். மங்களத்தின் புருஷனுக்கே கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் உண்மை தெரியும். மகள் பாப்பாவுக்கு இன்னும் தெரியாது.

"நல்லம்மா இப்பவும் தமிழ்நாட்டுலதானே இருக்கு?" என்றார் சதாசிவம்.

"ஆமாங்கய்யா."

"நல்லது, நல்லது." தேநீரை ஊதினார். "நம்ம லோரி தெனமும் தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் போவுது. போன மாசம் ஆஸ்பத்திரி வாசல்ல டீச்சரப் பாத்தேன்னு பிச்சைமுத்து சொன்னான். கையில ஆரஞ்சுப் பையாம். ஒனக்கு வேற வேலை இல்லியாடான்னு திட்டிவிட்டேன்."

ஐயாவு ஒன்றும் விளங்காமல் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். மங்களம் அச்சுப்படியிலிருந்து கண்ணை எடுத்தாள். ஆக, அவருக்குத் தெரியும்.

"லகாட் ஊர்ல பாப்பாவுக்கு மாப்பிள்ளை எடம் பாத்திருக்கீங்களாமே," என்று அவர் தொடர்ந்தார். "எனக்கு ரொம்ப வேண்டியவங்க. பொண்ணு வீடு எப்படின்னு என்கிட்டத்தான் கேட்டாங்க. தங்கமான குடும்பம்னேன். அவ்வளவுதான் சொன்னேன்."

அவ்வளவுதான். அந்தச் சொல் மேசையின்மேல் கிடந்தது. நாளை வேறு ஏதாவது சொல்லலாம். சொன்னால் லகாட்காரர்கள் சண்டை போட மாட்டார்கள், காரணம்கூடச் சொல்ல மாட்டார்கள். பேசாமல் இருந்துவிடுவார்கள். பாப்பா வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு ஒருநாள், ஏம்மா என்று கேட்பாள்.

கத்த வேண்டும்போல் இருந்தது. அந்த ஆசைதான் அவளை எல்லாவற்றையும்விட மிரட்டியது. வகுப்பில்கூட அவள் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தினால் அது தன்னிடம் நிற்காது, அக்காவின் தொண்டையிலிருந்து வந்தது தன் தொண்டையிலும் எங்கோ சுருண்டு கிடக்கிறது என்ற பயம் சின்ன வயதிலிருந்து கூடவே வந்தது. நான் இப்போது கத்தினால், ஐயாவண்ணனே நாளைக்குச் சொல்லுவார்: அந்தக் குடும்பத்துக்கே அப்படித்தான்.

"என்னம்மா, காலு ஆடிக்கிட்டே இருக்கு?" என்றார் ஐயாவு.

அவள் குனிந்து பார்த்தாள். மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது கால் தானாகப் போய் வந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களிலிருந்து விலகி, இல்லாத கயிற்றைப் பிடித்திருந்தது.

"பழக்கம்ண்ணே," என்றாள்.

ஐயாவு தாளை அவள் பக்கம் தள்ளினார். 'நான் என் கண்ணால் கண்டேன்' என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே பிச்சைமுத்துவின் கோணல் கையெழுத்து, அதன் கீழே வெற்றிடம். பேனாவைத் திறந்து அவள் விரல்களுக்கிடையில் வைத்தார்.

போட்டுவிடலாம். யார் படிக்கப்போகிறார்கள்? அக்காவுக்குத் தன் பெயரே சில நாள் மறந்துபோகிறது. ஆனால் அவள் ஆரஞ்சை உரித்து, சுளைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டு முனகுவாள். அருகில் காதை வைத்துக் கேட்டால்தான் அது எழுத்து வரிசை என்று தெரியும்.

என் கண்ணால் கண்டேன்.

பேனா முனை தாளைத் தொட்டது. ஒரு புள்ளி விழுந்தது. அவள் கையை எடுத்தாள்.

"நான் போடலண்ணே."

"ஏன்மா? ஞாபகம் இல்லியா?"

"இருக்குண்ணே."

"அப்புறம் என்னா? ஒரு கையெழுத்துதானே?"

அவள் மூடியைப் போட்டுத் திருகினாள். பேனாவைத் தாளின்மேல் குறுக்காக வைத்து, இரண்டையும் சேர்த்து ஐயாவு பக்கமே நகர்த்தினாள். சதாசிவத்தின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவர் நாற்காலி பின்னுக்கு நகரும் ஓசை கேட்டது.

"டீச்சர் இன்னும் கொஞ்சம் யோசிக்கட்டும்," என்றார் அவர் மெல்ல.

"யோசிச்சிட்டேங்கய்யா," என்றாள் மங்களம், அதைவிட மெல்ல. அடுத்த குறிப்பின் அச்சுப்படியை எடுத்து முன்னால் விரித்தாள்.